குரல் உடைகிறதா, இரைகிறதா, வரவே இல்லையா? வீட்டுப் பதிவில் லெவல் கோளாறுகளைப் பிடிக்கும் வழி

வீட்டில் உட்கார்ந்து பாட்டோ வீணையோ பதிவு செய்கிறவர்கள் "குரல் கரகரவென்று வருகிறது, மைக்கை மாற்றட்டுமா?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் மாற்ற வேண்டாம். கோளாறு மைக்கில் இருக்காது, லெவலில், அதாவது ஒலியின் அளவில் இருக்கும்.

மைக்கிலிருந்து கிளம்பும் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற இடங்கள் வழியில் மூன்று உண்டு. முதலாவது, சவுண்ட் கார்டில் இருக்கும் கெயின் குமிழ். யூஎஸ்பியில் செருகும் வெளிப்பெட்டி வாங்காமல் கணினிக்குள்ளேயே உள்ள சவுண்ட் கார்டைப் பயன்படுத்துகிறவர்களுக்கு விண்டோஸில் 'மைக்ரோபோன் பூஸ்ட்' என்று ஒரு ஸ்லைடர் இருக்கும், அதுதான் அவர்களுடைய குமிழ். இரண்டாவது, விண்டோஸின் ரெக்கார்டிங் லெவல். மூன்றாவது, ஆடாசிட்டி, ரீப்பர் மாதிரி பதிவு மென்பொருள். முதல் இடத்தில் கெட்டதை அடுத்த இரண்டு இடங்களில் சரிசெய்ய முடியாது. எந்த இடத்தில் கெட்டது என்று கண்டுபிடித்துவிட்டால் வேலை முக்கால்வாசி முடிந்தது.

முதலில் எல்லாவற்றையும் நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள்

கன்ட்ரோல் பேனலில் 'சவுண்ட்' திறந்து, 'ரெக்கார்டிங்' பக்கத்தில் உங்கள் சாதனத்தை இரண்டு முறை கிளிக் செய்யுங்கள். 'லெவல்ஸ்' பக்கத்தில் உள்ள ஸ்லைடர் சதவீதத்தில் காட்டும். அதன்மேல் ரைட் கிளிக் செய்தால் டெசிபெலுக்கு மாற்றலாம். இது பலருக்குத் தெரியாது, ஆனால் மிகவும் உதவும். சதவீதம் சரியாக எதையும் சொல்லாது. சில கணினிகளில் 100 என்பது 0.0 டெசிபெல், சிலவற்றில் அதே 100 பல டெசிபெல் கூட்டப்பட்ட நிலை. ஸ்லைடரை 0.0 டெசிபெலில் நிறுத்துங்கள். அதற்குக் கீழே மைக்ரோபோன் பூஸ்ட் இருந்தால் அதையும் 0 ஆக்குங்கள். 'அட்வான்ஸ்ட்' பக்கத்தில் 24 பிட், 48000 ஹெர்ட்ஸ் தேர்ந்தெடுங்கள். 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்ற பெயரில் எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். ஸ்பீக்கரை அணைத்து ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி கெயின் குமிழ் மட்டுமே வேலை செய்யட்டும். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்லி லெவல் பார்க்காதீர்கள். அந்தக் குரலுக்கும் அனுபல்லவியில் மேல் சட்ஜம் பிடிக்கிற குரலுக்கும் சம்பந்தமே இல்லை. பாட்டில் எந்த இடத்தில் அதிக சத்தம் வருமோ அந்த வரியைப் பாடிப் பாருங்கள். மென்பொருளின் மீட்டரில் 0தான் உச்சவரம்பு, அதற்குக் கீழே உள்ளதெல்லாம் மைனஸ். உச்சம் -12 டெசிபெல் பக்கம் நிற்கும்படி குமிழைத் திருப்புங்கள். நிஜப் பதிவில் உற்சாகம் கூடி இன்னும் கொஞ்சம் ஏறும், அப்போதும் -6ஐத் தாண்டாது. மீட்டர் முழுக்க நிரம்பினால்தான் நல்ல பதிவு என்ற நம்பிக்கை கேசட் காலத்து மிச்சம். டேப்பில் உஸ்ஸென்ற இரைச்சலை அமுக்க அது தேவைப்பட்டது. 24 பிட் பதிவில் கோட்பாட்டளவில் 144 டெசிபெல் இடம் இருக்கிறது, 16 பிட்டில் 96. மேலே 12 டெசிபெல் காலியாக விட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஒன்றுமே பதிவாகவில்லை

மைக்கை விரலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே அந்த ரெக்கார்டிங் பக்கத்தைப் பாருங்கள். சாதனத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பச்சை மீட்டர் இருக்கும். அது துள்ளினால் ஒலி விண்டோஸ்வரை வந்துவிட்டது என்று அர்த்தம். மென்பொருளில் வேறு சாதனம் தேர்வாகியிருக்கிறது, அங்கே மாற்றினால் சரி.

துள்ளவில்லை என்றால் மைக் இருக்கும் பக்கமாகப் போய்ப் பார்க்க வேண்டும். பெட்டியில் செருகும் கண்டென்சர் மைக்குக்கு, கேபிள் வழியே போகும் 48 வோல்ட் மின்சாரம், அதாவது ஃபேன்டம் பவர் தேவை. பெட்டியில் '48வி' என்று எழுதிய பொத்தானை அழுத்தினீர்களா? மேசைக் கணினியின் பின்பக்கத்தில் பிங்க் நிறத் துளைதான் மைக்குக்கு, நீலம் லைன் இன், பச்சை ஹெட்போனுக்கு. மடிக்கணினியில் ஒற்றைத் துளை இருந்தால் அது நான்கு உலோகப் பகுதி கொண்ட ஹெட்செட் பின்னை எதிர்பார்க்கும். மூன்று பகுதி மட்டும் உள்ள மைக் பின்னைச் செருகினால் பேசாமல் இருக்கும். பிரித்துக்கொடுக்கும் ஒரு சின்ன ஸ்பிளிட்டர் வாங்கினால் போதும்.

குமிழைத் திருப்பும்போது பெட்டியின் விளக்கு மட்டும் மின்னி, அலைவடிவத்தில் ஒரு மூச்சுகூட இல்லாமல் கோடு போட்டதுபோல நேராக இருந்தால் தடுப்பது விண்டோஸின் அனுமதி. செட்டிங்ஸில் பிரைவசி, மைக்ரோபோன் போய், டெஸ்க்டாப் செயலிகளுக்கான அனுமதியைத் திறந்துவிடுங்கள். லினக்ஸ்காரர்கள் டெர்மினலில் ஆல்சாமிக்சர் திறந்து, எஃப்6 அழுத்திச் சரியான கார்டைத் தேர்ந்து, எஃப்4 அழுத்தி கேப்சர் பக்கத்தைப் பார்க்கவும். அங்கே ஸ்பேஸ் பாரைத் தட்டாததால் கேப்சர் அணைந்தே கிடப்பது சர்வ சாதாரணம்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. மூன்று முனை எக்ஸ்எல்ஆர் மைக்கைக் கேபிள் போட்டு நேரே கணினியின் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ துளையில் செருகினால், சில கேபிள்களில் ஒரே குரல் இடது பக்கத்தில் நேராகவும் வலது பக்கத்தில் தலைகீழாகவும் போகும். ஸ்டீரியோவில் கேட்டால் இருக்கும், மோனோ ஆக்கியதும் குரல் காணாமல் போகும். கைபேசியின் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்கிறவருக்கு வெறும் அமைதி. அவசரத்துக்கு ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள், அடுத்த பதிவுக்கு முன் கேபிளை மாற்றுங்கள்.

குரல் உடைகிறது, கரகரக்கிறது

இதற்குக் காதைவிடக் கண் உதவும். உடையும் இடத்தில் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அலையின் தலை உருண்டையாக இருக்க வேண்டும். கத்தியால் சீவியதுபோலத் தட்டையாக இருந்தால் அது கிளிப்பிங். அந்தத் தட்டை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியமான தடயம்.

தட்டை சரியாக உச்சியில், 1.0 என்ற கோட்டில் இருந்தால் கெயின் கூடிவிட்டது. குமிழைக் குறையுங்கள், பூஸ்ட் இருந்தால் அதைக் குறையுங்கள். பூஸ்ட் பெரும்பாலும் 10, 20, 30 டெசிபெல் என்று படிப்படியாகத்தான் ஏறும். 20 டெசிபெல் என்றால் 10 மடங்கு, 30 என்றால் 30 மடங்குக்கும் மேல். நெருங்கிப் பாடுகிற குரலுக்கு 30 எதற்கு?

தட்டை உச்சிக்குக் கீழே, 0.7 அல்லது 0.5 உயரத்தில் இருந்தால் நிறையப் பேர் குழம்பிப்போவார்கள். மீட்டர் சிவப்பைத் தொடவே இல்லையே, எப்படி உடையும்? முதல் இடத்திலேயே உடைந்த ஒலியை இரண்டாம் இடத்தில் ஸ்லைடரால் குறைத்திருக்கிறீர்கள். கிழிந்த வேட்டியைச் சின்னதாக மடித்தால் கிழிசல் போய்விடுமா? விண்டோஸ் ஸ்லைடரை 0.0 டெசிபெலுக்கே திருப்பிவிட்டு, குறைக்க வேண்டியதைக் குமிழில் குறையுங்கள். வெளிப்பெட்டிகளில் இன்புட்டைச் சுற்றிப் பச்சை, சிவப்பு விளக்கு இருப்பது இதற்காகத்தான். கணினி என்ன காட்டினாலும் அந்த விளக்கு சிவப்பானால் உடைந்ததுதான்.

சரியாக 0.5இல் தட்டை என்றால் ஸ்லைடரைச் சந்தேகிப்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். இரண்டு இன்புட் உள்ள பெட்டியிலிருந்து மோனோவாகப் பதிவு செய்யும்போது, இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்குகிற வழக்கம் சில அமைப்புகளில் உண்டு. உங்கள் மைக் ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது, மறுபக்கம் காலி. அதனால் 6 டெசிபெல் குறைந்து, பாதி உயரத்திலேயே தலை தட்டும். ஸ்டீரியோவாகப் பதிவு செய்து, பிறகு இரண்டாகப் பிரித்து, காலிப் பக்கத்தை அழித்துவிடுவது எளிது.

தட்டையே இல்லை, ஆனாலும் கரகரப்பு என்றால் பதிவு நன்றாக இருந்து, கேட்கிற வழியில் கோளாறு இருக்கலாம். அதே கோப்பைக் கைபேசிக்கு அனுப்பி வேறு ஹெட்போனில் கேளுங்கள். அங்கே சுத்தமாக இருந்தால் லெவலைத் தொடவே வேண்டாம்.

கீபோர்டு, சுருதிப் பெட்டி, மிக்சர் ஆகியவற்றின் வெளியீட்டை மைக் துளையில் செருகுகிறவர்களுக்குக் கெயினை அடிமட்டத்தில் வைத்தாலும் உடையும். மைக் தருவது சில மில்லிவோல்ட். ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக், வாய்க்கு அருகில் உரத்த பேச்சின் அளவான 94 டெசிபெல் ஒலிக்கு 2 மில்லிவோல்ட்டுக்கும் கொஞ்சம் குறைவாகத் தரும். கீபோர்டு, மிக்சர் மாதிரி சாதனங்கள் தரும் லைன் லெவல் வீட்டுச் சாதனங்களில் சுமார் 0.3 வோல்ட், ஸ்டுடியோச் சாதனங்களில் 1.2 வோல்ட். நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். பெட்டியில் 'லைன்' பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், கணினியில் நீலத் துளை இருந்தால் அதில் செருகுங்கள். இரண்டும் இல்லையென்றால் கீபோர்டின் வால்யூமைக் கால்வாசிக்கு இறக்கிப் பாருங்கள்.

மிருதங்கம், தபலா பதிவு செய்கிறவர்கள் இன்னும் தாராளமாக இடம் விட வேண்டும். வலந்தலையில் விழும் ஒரு 'நம்' கண்சிமிட்டும் நேரத்தில் ஏறி இறங்கிவிடும், பல மீட்டர்கள் அதைச் சரியாகப் பிடிப்பதில்லை. உச்சம் -15 பக்கம் இருந்தாலும் கவலை வேண்டாம். அப்புறம் 'ப', 'ப்ப' வருகிற இடத்தில் மட்டும் டம்மென்று வெடித்தால் அது லெவல் பிரச்சினை இல்லை. காற்று நேராக மைக்கில் அடிக்கிறது. மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்து, ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

இரைச்சல்

இரைச்சலுக்கு மருந்து தேடுவதற்கு முன் அது எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். சும்மா இருக்கும் அறையைப் பதிவு செய்துகொண்டே கெயின் குமிழை அடிவரை இறக்குங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் அது குமிழுக்குப் பின்னால், அதாவது கணினிப் பக்கத்தில் பிறக்கிறது. போய்விட்டால் முன்னால். சரி, முன்னால் என்றால், 48 வோல்ட்டை அணைத்து, கெயின் அடியில் இருக்கும்போதே மைக்கைக் கழற்றிவிட்டு, கெயினைப் பழைய இடத்துக்கு ஏற்றுங்கள். இப்போதும் இரைந்தால் பெட்டியின் சொந்த இரைச்சல். நின்றுவிட்டால் மைக்கோ, கேபிளோ, அறையோ. இந்த இரண்டு சோதனைக்கும் காசு செலவில்லை.

உஸ்ஸென்று வந்தால் கெயின் மிக உயரத்தில் இருக்கிறது. ஏன் அவ்வளவு உயரம்? மைக் தூரத்தில் இருக்கிறது. தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபெல் கூடும். இரண்டு அடியில் இருந்த மைக்கை அரை அடிக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபெல் சும்மா கிடைக்கும், அந்த அளவுக்குக் கெயினை இறக்கலாம், உஸ்ஸும் ஃபேன் சத்தமும் சேர்ந்தே இறங்கும். இரைச்சல் நீக்கும் மென்பொருளைப் பிறகு போடுவதைவிட இது எத்தனையோ மேல். அந்த மென்பொருள் உஸ்ஸோடு குரலின் மூச்சையும் தின்றுவிடும்.

'ம்ம்ம்' என்று அடித்தொண்டையில் முனகினால் அது மின்சாரம். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆடாசிட்டியின் அனலைஸ் மெனுவில் 'பிளாட் ஸ்பெக்ட்ரம்' போட்டுப் பார்த்தால் 50, 100, 150 என்ற இடங்களில் முள்ளுமுள்ளாக நிற்கும். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். முனகல் நின்றால் எர்த் தொடர்பான சிக்கல். கணினி, ஸ்பீக்கர், மிக்சர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில், ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து எடுங்கள். அந்தப் பாயின்ட்டில் எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். முனகலை நிறுத்த மூன்றாவது பின்னை உடைத்துவிடச் சொல்லும் ஆலோசனை இன்னும் சுற்றுகிறது. அது உயிரோடு விளையாடும் வேலை, செய்யாதீர்கள்.

'ஜ்ஜ்ஜ்' என்று ரீங்காரம் கூர்மையாக இருந்தால் ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பிப் பாருங்கள். எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் நடு வேகத்தில் இருக்கும்போது அதிகமாகவும் முழு வேகத்தில் குறைவாகவும் ரீங்கரிக்கும். பதிவின்போது ஃபேனை அணைப்பதே நல்லது, அதற்கு வியர்வைதான் விலை. மவுஸை நகர்த்தினால் கீச்சென்று மாறும் சத்தம் கணினிக்குள் இருக்கும் சவுண்ட் கார்டின் பிறவிக் குணம். அதற்கு மட்டும்தான் யூஎஸ்பி பெட்டி வாங்கச் சொல்வேன்.

மிக மெல்லியதாக இருக்கிறது

உச்சம் -18 பக்கம் இருந்து, இரைச்சல் இல்லையென்றால் இது கோளாறே அல்ல. பதிவு முடிந்த பிறகு ஏற்றிக்கொள்ளலாம். சினிமாப் பாட்டோடு ஒப்பிட்டுக் "என்னுடையது சின்னதாகக் கேட்கிறதே" என்று கெயினை ஏற்றுகிறவர்கள் உண்டு. அந்தப் பாட்டின் உரப்பு மாஸ்டரிங்கில், அதாவது வெளியிடும் முன் செய்யும் கடைசி மெருகேற்றலில் வந்தது, மைக் முன்னால் வந்ததல்ல.

குமிழை முழுதாகத் திருப்பியும் -30ஐத் தாண்டவில்லை என்றால் மைக்குக்கும் பெட்டிக்கும் பொருத்தமில்லை. ஷூர் எஸ்எம்7பி போன்ற மைக்குக்குச் சுமார் 60 டெசிபெல் கெயின் வேண்டும், மலிவான பெட்டிகள் பல அந்த உயரத்தில் மூச்சு வாங்கும். இடையில் ஒரு மைக் பூஸ்டர் போடலாம், அல்லது அதே காசுக்குள் ஒரு சாதாரணக் கண்டென்சர் மைக் வாங்கலாம்.

லெவல் தானாக ஏறி இறங்குகிறது, நீண்ட கார்வை மங்கிப் போகிறது

பாடகர்களுக்கு இதுதான் பெரிய தொல்லை. மேல் சட்ஜத்தில் 'ஆ' என்று அசையாமல் நிற்கிறீர்கள். ஆரம்பம் கம்பீரமாக இருக்கிறது, சில விநாடிகளில் குரல் தண்ணீருக்குள் இறங்கியதுபோல ஆகிறது, மூச்சு விட்டுத் திரும்பப் பிடித்ததும் பழையபடி வருகிறது. தம்புராவும் அப்படித்தான், மீட்டிக்கொண்டே இருப்பீர்கள், பதிவில் கரைந்து போயிருக்கும்.

காரணம் இரைச்சல் ஒழிப்பு என்ற வசதி. அது பேச்சுக்காகச் செய்யப்பட்டது. மாறாமல் ஒரே சீராக ஒலிக்கும் எதையும் ஏசி சத்தம், ஃபேன் சத்தம் என்று எடுத்துக்கொண்டு அமுக்கும். அசையாத ஸ்வரம் அதன் கணக்கில் ஃபேன்! விண்டோஸ் 11இல் சாதனத்தின் பக்கத்தில் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்பதை 'ஆஃப்' ஆக்குங்கள். மடிக்கணினித் தயாரிப்பாளர் தனியாக ஒரு ஒலிச் செயலி வைத்திருந்தால் அதற்குள்ளும் போய் அணைக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுவார்கள்.

விண்டோஸ் ஸ்லைடரே கண்ணெதிரே நகர்ந்தால் அது வேறு ஆசாமி. ஜூம் போன்ற கூட்டச் செயலிகள் மைக் வால்யூமைத் தாங்களே திருத்தும். அவற்றின் ஆடியோ செட்டிங்கில் தானாகச் சரிசெய்வதற்கான டிக்கை எடுத்துவிடுங்கள், பதிவின்போது செயலியையே மூடிவிடுங்கள். கூடவே பாடும் டிராக் திடீரென்று அமுங்கினால், பழைய சவுண்ட் பெட்டியில் 'கம்யூனிகேஷன்ஸ்' பக்கம் போங்கள். அழைப்பு வரும்போது மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைப்பது அங்கே வழக்கமான அமைப்பு, அதை 'டூ நத்திங்' ஆக்குங்கள்.

பாடும்போது குரல் இரண்டாகக் கேட்கிறது

உங்கள் குரல் இரண்டு வழியில் காதுக்கு வருகிறது. பெட்டியிலிருந்து நேராக ஒன்று, கணினிக்குள் போய்ச் சுற்றிவிட்டுத் தாமதமாக ஒன்று. கணினி ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்துவைத்து அனுப்பும், அந்தத் துண்டுதான் பஃபர். 48000 ஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் என்றால் ஒரு பக்கத்துக்கு 5 மில்லிவிநாடிக்கும் சற்று அதிகம், 1024 என்றால் 21. போக, வர இரண்டும் சேர்ந்தால் நன்றாகவே தெரியும். பெட்டியில் 'டைரக்ட் மானிட்டர்' இருந்தால் அதை வைத்துக்கொண்டு, ஆடாசிட்டியில் 'பிளேத்ரூ'வையும், விண்டோஸில் 'லிசன் டு திஸ் டிவைஸ்' டிக்கையும் எடுத்துவிடுங்கள்.

கேட்கும்போது மட்டுமல்ல, பதிவிலேயே டிராக் சேர்ந்து விழுகிறது என்றால் இன்புட்டாக மைக்குக்குப் பதில் 'ஸ்டீரியோ மிக்ஸ்' தேர்வாகியிருக்கிறது. அதுவும் இல்லையென்றால் ஹெட்போனிலிருந்து கசிகிறது, சத்தத்தைக் குறையுங்கள்.

ஒரு காதில் மட்டும் கேட்கிறது

இரண்டு இன்புட் பெட்டியில் ஒரு மைக், ஸ்டீரியோ டிராக். டிராக்கைப் பிரித்து மோனோ ஆக்குங்கள். வேறொன்றும் இல்லை.

சுருதி இறங்கிவிட்டது

பாடும்போது தம்புராவோடு கச்சிதமாகச் சேர்ந்தது, கேட்கும்போது குரல் தடித்து, பாட்டு இழுத்துக்கொண்டு போகிறது. 48000இல் பதிவானதை ஏதோ ஓரிடத்தில் 44100 என்று நினைத்து ஓட்டுகிறார்கள். அப்படி ஓடினால் ஏறக்குறைய ஒன்றரை செமிடோன், நம் கணக்கில் முக்கால் கட்டை இறங்கும். 4 நிமிடப் பாட்டு 4 நிமிடம் 21 விநாடி ஆகும். திரும்பப் பாட வேண்டியதில்லை. டிராக்கின் ரேட்டை 48000 என்று மாற்றினால் பழைய சுருதிக்கே வந்துவிடும். பிறகு விண்டோஸின் ரெக்கார்டிங், பிளேபேக் இரண்டு பக்கமும், பெட்டியின் சொந்தச் செயலியிலும், மென்பொருளிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

டிக், டிக் என்று வெட்டுகிறது

இது லெவல் அல்ல, ஆனால் லெவல் என்று நினைத்துக் குமிழைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். அலைவடிவத்தில் தலை தட்டையாக இருக்காது, நடுவில் ஒரு துண்டு காணாமல் போய்ச் செங்குத்தாக ஒரு வெட்டு தெரியும். கணினி வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. பஃபரை 512க்கு ஏற்றுங்கள், யூஎஸ்பி ஹப்பை விட்டுக் கணினியின் சொந்தத் துளையில் பெட்டியைச் செருகுங்கள், பவர் பிளானில் யூஎஸ்பியைத் தூங்கவைக்கும் அமைப்பை அணையுங்கள், பிரவுசரை மூடுங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் வைஃபையை அணைத்து ஒரு முறை பதிவு செய்து பாருங்கள்.